நடைக்குதிரையின் கதை



பாண்டிய மன்னன் தன் அமைச்சராகிய திருவாதவூரரிடம் பெரும்பொருள் கொடுத்துக் குதிரை வாங்கிவர அனுப்பிய கதையை நாம் எல்லோரும் சிறுபராயத்திலேயே கேட்டிருக்கின்றோம். வந்த குதிரைகள் மன்னன் முன்னிலையில் நடைவிகற்பங்கள் காட்டிக் கண்டோரை மகிழ்வித்தன. இரவு வந்ததும் நரிகளாகி ஊளையிட்டு ஓடின. அது இறைவனின் திருவிளையாடல். அதன் உட்பொருளை உரைக்கத் தகுதியுடையோர் பலர் உளர். ஆயினும் உலகியல் நோக்கிலே பார்க்குமிடத்து, எந்நாட்டில் எக்காலத்தில் குதிரை வாங்குவோர்க்கும் உள்ள அச்சம் ஒன்று அக்கதையில் அடங்கியிருக்கின்றது. காட்சிக்கு நிறுத்தியபோது கண்ட குதிரை ஒன்று. இலாயத்திற் கட்டிய பின்னர் காணும் விலங்கு வேறொன்று. இவ்வச்சம் புராண காலத்தோடு ஒழிந்துவிடவில்லை.

இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுவழிச் சவாரிக்கும் போட்டிக் காட்சிக்குமென மக்கள் விரும்பி வாங்கும் நடைக்குதிரைகளின் வரலாறாகும். நடைக்குதிரை என்பது யாது, அது எங்கே தோன்றியது, எதற்காக வளர்க்கப்பட்டது, வாங்குவோரின் விருப்பம் அதனை எவ்வாறு வாழவைத்தது, எவ்வாறு வருத்தியது என்பவற்றை முறையே நோக்குவாம்.

குதிரை மெல்ல நடக்கும்போது நான்கு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றுகின்றது. செவிகொடுத்துக் கேட்டால் நான்கு ஒலிகள் ஒழுங்காகக் கேட்கும். விரைவு கூடியதும் பெரும்பாலான குதிரைகள் வேறொரு நடைக்கு மாறும். வலது முன்காலும் இடது பின்காலும் ஒருங்கே எழும். அவை ஊன்றியதும் மற்றை இரு கால்களும் ஒருங்கே எழும். ஆங்கிலேயர் இதனை ‘ட்ரொட்’ என்பர். நாம் துள்ளோட்டம் என்று கொள்வோம். இதில் ஒலி இரண்டே. ஒரு சோடிக் கால் எழுந்து மறு சோடி ஊன்றுவதற்கிடையே, நான்கு கால்களும் நிலத்தைவிட்டு நீங்கும் கணம் ஒன்று உண்டு. அக்கணத்தின் முடிவில் குதிரையின் உடல் கீழே இறங்குகின்றது. சேணத்தில் அமர்ந்திருப்போனின் முதுகெலும்பு அதனை உணர்கின்றது. அங்கவடியை மிதித்து எழுந்தெழுந்து அமரும் சவாரிமுறை இவ்வதிர்ச்சியிலிருந்து தப்புவதற்கே தோன்றியது.

சில குதிரைகளுக்கோ பிறவியிலேயே வேறொரு வழி தெரியும். விரைவு கூடினாலும் அவை துள்ளுவதில்லை. நடையின் நான்கு ஒலிகளையும் விடாது, கால்களை மட்டும் விரைவாக வைத்துச் செல்லும். ஒரு காலேனும் எப்பொழுதும் நிலத்தில் ஊன்றியிருப்பதால் முதுகு அலைவதில்லை. நாட்டுக்கு நாடு இவ்வகை நடைகள் சிற்சில வேறுபாடுகளோடு வழங்குகின்றன. ஐஸ்லாந்தில் ‘டொல்ட்’ என்பதும், பெரு நாட்டில் ‘பாசோ’ என்பதும், அமெரிக்காவின் டெனெசி மாநிலத்தில் ஓட்டநடை என்பதும் இவற்றுட் சில. இவ்வாறான நடையுடைய குதிரையையே நடைக்குதிரை என்கிறோம். குதிரைகளின் கதியை ஐந்தாக வகுத்து நம் முன்னோர் பேணிய வழக்கை எண்ணும்போது, நடையைக் கொண்டு குதிரையை மதிப்பது நமக்கும் புதிதன்று என்பது விளங்கும்.

இந்நடை எங்கே தோன்றியது என்ற வினாவுக்கு நெடுங்காலம் சான்றுள்ள விடை இருக்கவில்லை. அண்மைக் காலத்திலே விஞ்ஞானிகள் அதற்கு ஒளி காட்டினர். 2012ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு உப்சாலா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், குதிரையின் பரம்பரை அலகுகளுள் ஒன்றில் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பதே இந்நடைக்கு அடிப்படை என்று கண்டனர். முள்ளந்தண்டிலே கால்களின் அசைவை ஒழுங்குபடுத்தும் நரம்புகளோடு அவ்வலகு தொடர்புடையது. பின்னர், 141 குதிரையினங்களைச் சோதித்தபோது 68 இனங்களில் அம்மாற்றம் காணப்பட்டது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோராய்வு, பழங்காலக் குதிரைகளின் எலும்புகளை எடுத்து நோக்கியது. இங்கிலாந்தின் யோர்க் நகரில் அகழ்ந்தெடுத்த, கி.பி. 850க்கும் 900க்கும் இடைப்பட்ட எலும்புகளிலே இம்மாற்றம் முதன்முதல் தென்பட்டது. அடுத்து வந்த ஐஸ்லாந்துக் குதிரைகளின் எலும்புகளிலோ அது மிகுதியாக இருந்தது. வடகடலிற் கலஞ்செலுத்திய நோர்வேயர் அக்குதிரைகளைத் தீவுக்குக் கொண்டுசென்றிருக்கலாம் என்பது அவ்வாய்வாளரின் கருத்து. வழியற்ற எரிமலைப் பாறை நிலத்திலே குடியேறிய மக்கள், தம்மை வருத்தாது சுமந்து செல்லும் குதிரையையே தேர்ந்து பெருக்கினர் என்பது இயல்பே.

இடைக்கால ஐரோப்பாவிலும் இவ்வகைக் குதிரைக்குப் பெருமதிப்பு இருந்தது. வண்டி செல்லத்தக்க வீதிகள் அரியனவாயிருந்த காலம் அது. பிரபுக்களும் சீமாட்டிகளும் குருமாரும் வணிகரும் நெடுந்தூரம் குதிரையிலேயே சென்றனர். போருக்குப் பருத்த குதிரையை வைத்திருந்த வீரனும், போர்க்களம் வரையும் வழிப்பயணத்துக்கு மென்னடைக் குதிரையையே நாடினான். நல்ல மென்னடைக் குதிரை ஒன்றின் விலை போர்க்குதிரையின் விலைக்கு நிகராவதும் உண்டு. ஆங்கிலக் கவிஞர் சோசர் தம் காண்டர்பரிக் கதைகளிலே பாத் நகரத்து மாதினை இத்தகைய குதிரைமீது சுகமாக அமர்த்தியிருக்கின்றார்.

பின்னர் நிலைமை மாறியது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளிலே வீதிகள் திருந்தின, வண்டிகள் பெருகின. வண்டி இழுப்பதற்குத் துள்ளோட்டக் குதிரையே ஏற்றது. பந்தயத்துக்கும் வேட்டைக்கும் பாய்ந்து செல்லும் குதிரையை விரும்பினர். ஆகவே மென்னடைக் குதிரை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அருகி மறைந்தது. அதன் நடை கெட்டதனாலன்று. அதனை வேண்டி நின்ற தேவை ஒழிந்ததனாலேயே அது மறைந்தது. இவ்வுண்மையை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். குதிரையினம் என்பது மனிதனின் தேவையால் ஆக்கப்படுவது. தேவை மாறினால் இனமும் மாறும், அல்லது மறையும்.

ஐரோப்பாவிலே மறைந்தது அமெரிக்காவிலே வாழ்ந்தது. குடியேற்றக்காரர் கொண்டுசென்ற குதிரைகளிலிருந்து, இன்றைய ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நரகன்செற் குடாக்கரையிலே ஓர் இனம் உருவாயிற்று. நரகன்செற் நடைக்குதிரை என்று பெயர்பெற்ற அவ்வினம், அமெரிக்க மண்ணில் உருவாகிய முதலாவது குதிரையினம் என்று கருதப்படுகின்றது. ஜோர்ஜ் வாஷிங்டனும் இவ்வினக் குதிரையை வைத்திருந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு இக்குதிரைகள் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயின. ஊரில் எஞ்சியவை வேறினங்களோடு கலந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவ்வினம் தனியினமாக இல்லாதொழிந்தது. எனினும் அதன் குருதி தெற்கேயும் மேற்கேயும் சென்ற குதிரைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

அக்குருதி சென்றடைந்த இடங்களுள் ஒன்று டெனெசி மாநிலத்தின் நடுப்பகுதி. அங்கிருந்த பெருந்தோட்டங்களிலே பயிர்வரிசைகளுக்கிடையே நாள்முழுதும் குதிரையிற் சென்று வேலையை மேற்பார்க்கும் வழக்கம் இருந்தது. இங்கே ஒன்றை மறைத்தல் ஆகாது. உள்நாட்டுப் போர் முடியும்வரை அத்தோட்டங்களிலே வேலைசெய்தோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். கங்காணியின் முதுகு நோகாதிருக்கத் தேர்ந்தெடுத்த குதிரை, வரிசைக்குள்ளே முதுகொடிய நின்றோரின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை நம் மலைநாட்டிலே துரைமார் குதிரையேறித் தோட்டம் சுற்றிய காலத்தின் கதைகளைக் கேட்டோர் ஒருவாறு உணரலாம். அக்குதிரைகளைக் குளிப்பாட்டித் தீனியிட்டுப் பழக்கியோரும் பெரும்பாலும் அக்கறுப்பின மக்களே. வமிசாவளிகள் குதிரைகளின் பெயர்களைப் பேணின. அவற்றைப் பழக்கியோர் பலரின் பெயர்களைப் பேணவில்லை.

டெனெசி நடைக்குதிரையின் மூலபிதா என்று போற்றப்படும் குதிரையின் கதை, கொள்வோர்க்கு ஒரு பாடமாக அமைந்துள்ளது. பிளாக் அலன் என்னும் அக்கரிய பொலிக்குதிரை 1886ஆம் ஆண்டு கென்ரக்கி மாநிலத்திலே பிறந்தது. தந்தைவழி, வண்டிப்பந்தயத்தில் துள்ளோடும் புகழ்பெற்ற குலம். தாய்வழி, மோர்கன் குலம். பந்தயத்தில் வெற்றிபெறும் என்று எதிர்பார்த்தே அதனை வளர்த்தனர். அதுவோ துள்ளோட மறுத்துத் தன் வழியிலேயே நடந்தது. பந்தயத்துக்கு உதவாத குதிரை என்று ஒருவர் மற்றொருவருக்கு விற்க, அவர் வேறொருவருக்கு விற்க, அது கைமாறிக் கைமாறி டெனெசியை அடைந்தது. 1903ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் பிராண்ட்லி என்பவர் அதனை 110 டொலருக்கு வாங்கினார். பிறர் குறையென்று தள்ளியதை அவர் குணமென்று கண்டார். அக்குதிரைக்குப் பிறந்த ரோன் அலன் என்னும் குட்டி, பின்னாளில் அவ்வினத்தின் பெருந்தூணாயிற்று. பிளாக் அலன் 1910ஆம் ஆண்டு இறந்தது. 1935ஆம் ஆண்டிலே லூயிஸ்பேர்க் நகரில் வளர்ப்போர் சங்கம் அமைத்துப் பதிவேடு தொடங்கியபோது, அடிப்படைக் குதிரைகளின் வரிசையிலே முதலாம் இலக்கம் அதற்கே அளிக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களம் டெனெசி நடைக்குதிரையைத் தனியினமாக ஏற்றுக்கொண்டது.

இனி, அவ்வினம் வயல்வரம்பிலிருந்து காட்சி அரங்குக்குச் சென்ற கதையைப் பார்ப்போம். மோட்டார் வண்டியும் உழவு இயந்திரமும் வந்தபின் தோட்டத்திலே குதிரைக்கு வேலை குறைந்தது. ஐரோப்பாவிலே நிகழ்ந்ததுபோல இங்கும் அவ்வினம் மறைந்திருக்கக் கூடும். அதனைக் காத்தது காட்சியே. 1939ஆம் ஆண்டு ஷெல்பிவில் என்னும் ஊரிலே டெனெசி நடைக்குதிரைகளுக்கான தேசியப் பெருவிழா தொடங்கியது. முதலாண்டிலே மாபெரும் வெற்றிக்குதிரை எனப் பட்டம் பெற்றது ஸ்றோலிங் ஜிம் என்னும் குதிரை. முன்னே ஏரும் வண்டியும் இழுத்துக்கொண்டிருந்த அதனை, புளொயிட் கறதர்ஸ் என்னும் பயிற்சியாளர் கண்டெடுத்துப் பழக்கினார் என்பர். வாற்றேஸ் என்னும் சிற்றூரின் பழைய விடுதியொன்றின் பின்புறத்திலே அக்குதிரையின் கல்லறையை இன்றும் காணலாம். உழவுக்குதிரை ஒன்று உலகப் பட்டம் பெற்றதென்றால், அக்காலத்தில் அரங்கிலே பாராட்டப்பட்ட நடை வயலிலே பயன்பட்ட அதே நடையே என்பது பெறப்படும். காட்சியும் பயனும் அப்பொழுது பிரிந்திருக்கவில்லை.

பிரிவு விரைவிலே வந்தது. 1945ஆம், 1946ஆம் ஆண்டுகளிலே பட்டம் வென்ற மிட்நைற் சன் என்னும் பொலிக்குதிரை பேருருவமும் பெருநடையும் கொண்டது. 1956ஆம் ஆண்டு அதன் விலை 50,000 டொலர். மூதாதையான பிளாக் அலன் 110 டொலருக்கு விலைபோன ஆண்டிலிருந்து அரைநூற்றாண்டு தாண்டிச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. விலை இவ்வாறு ஏறியபோது அரங்கிற் போட்டியும் ஏறியது. முன்னங்கால்களை வானளாவத் தூக்கி வைக்கும் நடைக்கே கைதட்டல் மிகுந்தது. நடுவரும் அதற்கே பரிசளித்தனர். இயல்பாக அவ்வளவு உயரம் தூக்கும் குதிரைகள் சிலவே. பழக்கிப் பழக்கி அந்நடையை வருவிக்க ஆண்டுகள் செல்லும். அவ்வளவு காலம் பொறுக்கமாட்டாத சிலர் குறுக்குவழி கண்டனர்.

அக்குறுக்குவழியைச் சொல்ல நாக் கூசுகின்றது. ஆயினும் சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு முழுமையடையாது. குளம்புக்கு மேலே தோல் மெல்லியதாய் உள்ள பகுதியிலே கடுகெண்ணெய், மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள்களையும் இரசாயனங்களையும் பூசித் துணியாற் சுற்றிப் புண்ணாக்கினர். புண்ணின்மேல் சங்கிலி வளையத்தை மாட்டினர். குதிரை காலை ஊன்றும்தோறும் சங்கிலி புண்ணில் மோதும். வேதனை தாளாது குதிரை காலைச் சடுதியாக உயர்த்தும். குளம்பின் கீழே அட்டையின்மேல் அட்டையாக அடுக்கி, பாரமான இலாடம் அடித்து, உயர்ந்த பாதரட்சை அணிந்ததுபோல் ஆக்கினர். சிலர் குளம்பின் உட்பகுதியை அளவுக்குமீறிச் சீவி, ஊன்றினாலே நோகும்படி செய்தனர். அரங்கிலே ஒளிவிளக்கின் கீழ் அமர்ந்திருந்தோர் கண்டது கம்பீரமான நடை. குதிரை அறிந்ததோ நோவொன்றே.

இதனை எதிர்த்துக் குரலெழுப்பியோரும் அந்நாட்டினரே. மேரிலண்ட் மாநிலத்துச் செனற் சபை உறுப்பினர் ஜோசப் ரைடிங்ஸ் முன்னின்று முயன்றதன் பயனாக, 1970ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே குதிரைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கால்களைப் புண்ணாக்கிய குதிரையைக் காட்சிக்கு விடுவதும், விற்பனைக்கு நிறுத்துவதும், அதற்கென ஏற்றிச் செல்வதும் குற்றமாயின. 1976ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் சோதனை செய்யும் பொறுப்பின் பெரும்பகுதி, காட்சி நடத்துவோர் அமைத்த குழுக்களின் சோதனையாளரிடமே விடப்பட்டது. தம் நண்பரின் குதிரையைத் தாமே சோதிக்கும் நிலையில் நேர்மை எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 2006ஆம் ஆண்டுப் பெருவிழாவிலே அரசாங்கச் சோதனையாளரோடு ஏற்பட்ட பிணக்கினால் மாபெரும் வெற்றிக்குதிரை தெரிவுசெய்யப்படவே இல்லை. 2010ஆம் ஆண்டு விவசாயத் திணைக்களத்தின் சொந்தப் பரிசோதகரே அச்சோதனைமுறை பயனற்றது என்ற கருத்தை வெளியிட்டார். 2012ஆம் ஆண்டு இலாயம் ஒன்றுக்குள் மறைவாக எடுக்கப்பட்ட படம் தொலைக்காட்சியில் வெளியாகி, நாடெங்கும் மக்கள் மனத்தைப் புண்படுத்தியது. அவ்வாண்டே அமெரிக்க மிருக வைத்தியர் சங்கமும், குதிரை வைத்தியர் சங்கமும் சங்கிலிகளையும் அடுக்கு அட்டைகளையும் முற்றாகத் தடைசெய்யவேண்டும் என்று கோரின.

அதன் பின்னரும் பாதை நேராகச் செல்லவில்லை. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே பிரதிநிதிகள் சபை 333க்கு 96 என்ற வாக்குகளால் புதிய மசோதா ஒன்றை ஏற்றது. செனற் சபையிலே அது நிறைவேறவில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதத்திலே விவசாயத் திணைக்களம் சங்கிலிகளையும் அட்டைகளையும் தடைசெய்யும் விதிகளை வெளியிட்டது. அவை நடைமுறைக்கு வருமுன்னரே, 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ரெக்சாஸ் மாநிலத்துச் சமஷ்டி நீதிமன்றம் ஒன்று அவற்றுள் முக்கியமானவற்றைத் தள்ளுபடி செய்தது. சட்டம் பிறந்து அரைநூற்றாண்டுக்கு மேலாகியும் வழக்கு முடியவில்லை. சட்டத்தால் மட்டும் இதனைத் தீர்க்க இயலாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இதற்கு மாறான வரலாறும் உண்டு. அது காட்சி அரங்கில் அன்றி மலைப்பாதையில் எழுதப்பட்டது. கென்ரக்கி மாநிலத்தின் கிழக்கே மலைப்பகுதியிலே சாம் ரட்டில் என்பவர், அரசாங்கப் பூங்கா ஒன்றுக்கு வரும் மக்களைக் குதிரையேற்றி மலைவழி கூட்டிச்செல்லும் தொழிலை நடத்தினார். அவரிடம் ஓல்ட் ரோப் என்னும் பொலிக்குதிரை ஒன்று இருந்தது. பொலிக்குதிரை என்றால் அடங்காதது என்பது பொதுவழக்கு. இதுவோ, முன்னர் குதிரையேறியே அறியாத சிறுவரையும் முதியோரையும் கரடுமுரடான பாதைகளிலே தடுமாறாது சுமந்து சென்றது. 37 வயதுவரை வாழ்ந்தது. அதன் வழித்தோன்றல்களைக் கொண்டே ரொக்கி மலைக்குதிரைச் சங்கம் 1986ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மென்னடையும் சாதுவான குணமும் அவ்வினத்துக்குரிய தகுதிகளாக விதிக்கப்பட்டன. அவ்வாறே மிசூரி மாநிலத்தின் ஓசார்க் மலைநாட்டிலே உருவாகிய நரிநடைக் குதிரைக்கு 1948ஆம் ஆண்டு சங்கம் அமைந்தது. முன்கால் நடந்துசெல்லப் பின்கால் மெல்லோட்டமாகத் தொடர்வதுபோல் தோன்றும் நடை அது. கால் வழுவாத அக்குதிரைகளை வனத்திணைக்களக் காவலர் தம் கடமைக்குப் பயன்படுத்தினர். இவ்வினங்களை ஆக்கியது கைதட்டல் அன்று. மாலையிலே பத்திரமாக வீடு திரும்பவேண்டும் என்ற எளிய தேவையே.

ஆகவே அமெரிக்காவிலே அனுபவமுள்ளோர் நடைக்குதிரை வாங்கச் செல்லும்போது கைக்கொள்ளும் முறைகள், மேலே சொன்ன வரலாற்றிலிருந்தே பிறந்தவை. அவற்றுட் சிலவற்றைக் கூறுகின்றேன்.

முதலாவது, குதிரையை ஏறுமுன் கேட்கவேண்டும். இறுகிய நிலத்திலே விற்பவரை ஏறிச்செல்லச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டால், நான்கு ஒலிகளும் சமமாக விழுகின்றனவா என்பது தெரியும். இரண்டிரண்டாகச் சேர்ந்து கேட்டால், குதிரை துள்ளோட்டத்துக்கோ ஒருபுறக் கால்களைச் சேர்த்து வைக்கும் நடைக்கோ சாய்கின்றது என்பது பொருள். இரண்டாவது, பக்கத்தே நின்று பார்க்கவேண்டும். டெனெசிக் குதிரையின் ஓட்டநடையிலே, முன்கால் விட்ட சுவட்டைத் தாண்டிப் பின்கால் விழும். தலை நடைக்கேற்ப மேலும் கீழும் அசையும். இவ்வாறு செல்லும் குதிரையில் அமர்ந்திருப்போன் களைப்பு அறியான்.

மூன்றாவது, மேய்ச்சல் நிலத்திலிருந்து குதிரையைப் பிடிக்கும் பொழுதே உடன் நிற்கவேண்டும். சேணம் பூட்டி வியர்த்து நிற்கும் குதிரையைக் காட்டுவோரிடம், அன்று காலை அது எவ்வாறிருந்தது என்பதை அறிய வழியில்லை. மற்றுமொரு நாள் சொல்லாமல் சென்று பார்ப்பதும் நன்று. நான்காவது, பாரமான இலாடமும் அட்டையும் இன்றி, சாதாரண இலாடத்தோடு அல்லது வெறுங்குளம்போடு அந்நடை வருகின்றதா என்று பார்க்கவேண்டும். பிறவியில் வந்த நடை குளம்பைச் சீவியபின்னும் இருக்கும். பொருத்திய நடை கழற்றியதும் போய்விடும். ஐந்தாவது, மலைவழிக்கென வாங்குவோர் அரங்கின் வட்டத்திலே ஏறிப் பார்ப்பதோடு அமையலாகாது. மேடு, பள்ளம், நீரோடை, பாலம், எதிரே வரும் வாகனம் ஆகியவற்றைக் குதிரை எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதைக் காணவேண்டும். நடை எவ்வளவு இனிமையாயினும், நிழலைக் கண்டு வெருளும் குதிரை மலைப்பாதைக்கு ஆகாது.

ஆறாவது, நிற்கும் நிலையை நோக்கவேண்டும். நோவில்லாத குதிரை இயல்பாகப் பாரத்தைத் தாங்கி நிற்கும். முன்னங்கால் நொந்த குதிரை பின்கால்களை வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து, பாரத்தைப் பின்னே தள்ளி நிற்கும்; இலாயத்திலே அடிக்கடி படுத்துக்கொள்ளும்; காலைத் தொட வந்தால் வெடுக்கென்று இழுக்கும். குளம்புக்கு மேலே பின்புறத் தோலிலே தடிப்போ, மயிர் உதிர்ந்த வடுவோ உண்டா என்று விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். சட்டத்தின் சோதனையாளர் தேடுவதும் அவ்வடுவையே. இறுதியாக, விற்பவரோடு தொடர்பில்லாத மிருக வைத்தியர் ஒருவரைத் தம் செலவிலே அழைத்துவந்து சோதிப்பித்த பின்னரே பணத்தைக் கொடுக்கவேண்டும். வமிசாவளிப் பத்திரம் குதிரையின் முன்னோர் யாரென்று சொல்லும். அதன் கால் நோகின்றதா என்று சொல்லாது.

காட்சிக்கென்றே குதிரை வாங்குவோரை நாம் குறைகூற வேண்டியதில்லை. காட்சி இல்லாதிருந்தால் டெனெசி நடைக்குதிரை நரகன்செற் குதிரையைப் போலப் பெயரளவில் நின்றிருக்கும். சாதாரண இலாடத்தோடு இயல்பான நடையைக் காட்டும் போட்டிகளும் அந்நாட்டில் நடைபெறுகின்றன. அவற்றுக்கு ஆதரவளிப்போரும் உளர். எதை வைத்துப் பரிசளிக்கின்றோம் என்பதிலேதான் நன்மையும் தீமையும் இருக்கின்றன. புள்ளி ஒன்றையே கருதிப் படிப்பித்தால் கல்வி எவ்வாறு தன் நோக்கத்தை விட்டு விலகுகின்றது என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர். கால் எவ்வளவு உயர்ந்தது என்பதை மட்டுமே அளந்தால், உயர்த்துவதற்கு எதையும் செய்வோர் தோன்றுவர். ஏறியவர் எவ்வளவு சுகமாக இருந்தார், குதிரை எவ்வளவு காலம் நோயின்றி வாழ்ந்தது என்பவற்றை அளந்தால், விற்போரும் அவற்றையே வளர்ப்பர்.

ஓராயிரம் ஆண்டுகளாக இந்நடையைக் காத்தவர் கொள்வோர். அதனைக் கெடுத்தவரும் கொள்வோரின் விருப்பத்தைப் பின்பற்றியோரே. பந்தயத்துக்கு உதவாதது என்று தள்ளிய கரிய குதிரையை 110 டொலருக்கு வாங்கியவரின் கண், ஓர் இனத்தையே உருவாக்கியது. அவ்வாறான கண் இன்றும் வேண்டும். சட்டம் எழுதுவோர் வாஷிங்டனில் இருக்கலாம்; தீர்ப்பளிப்போர் ரெக்சாசில் இருக்கலாம். ஆனால் குதிரைச் சந்தையிலே விலை பேசுமுன் குனிந்து, குளம்பின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்து, குதிரை காலை இழுக்குமாயின் பணப்பையை மூடிக்கொண்டு திரும்பிச் செல்பவர், அவ்விருவரும் செய்ய முடியாததைச் செய்தவராவார்.